மார்பு எடுத்த பிறகு மூக்கு குத்திக்கொள்வது எப்படி

பதினோரு வயதில் ஆசாரி வீட்டுத் திண்ணையிலிருந்து தப்பி ஓடியவள் நான். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து மூக்கு குத்திக்கொண்டாள். என் முறை வந்தபோது நான் தெருமுனையைத் தாண்டியிருந்தேன். "தையக்காரன் மகளுக்கு ஊசின்னா பயமாம்" என்று அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் அவருக்குத் தையல் கடை. அந்தக் கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. நான் வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன்.

அப்படி ஓடியவள் 47 வயதில், புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்து இரண்டு வருஷம் ஆன பிறகு, நானாகத் தேடிப் போய் மூக்கு குத்திக்கொண்டேன். யாரிடம் என்ன கேட்டேன், எங்கே உட்கார்ந்தேன், எங்கே எழுந்து வந்தேன் என்பதை வார்டில் என்னோடு இருந்த இரண்டு பேருக்குப் போனில் சொன்னேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

2022 தை மாதம் ஆபரேஷன். மார்போடு அக்குளில் இருந்த நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுத்தார்கள். அப்புறம் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிவப்பு மருந்து, 4 தடவை. அது முடிந்ததும் வாரம் ஒன்றாக பாக்லிடாக்ஸல், 12 தடவை. கடைசியாக 15 நாள் கரண்ட். டாக்டர்கள் ரேடியேஷன் என்பார்கள். வார்டில் யாரைக் கேட்டாலும் கரண்ட்தான். நெறி எடுத்த இடது கையில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் எல்லாச் சுமையும் வலது கைக்கு வந்தது. 16 கீமோவுக்கு 16 ஊசி, ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் ரத்தம் எடுக்க இன்னொரு 16. நரம்பு கிடைக்காமல் இரண்டாவது, மூன்றாவது குத்து குத்திய நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அத்தனையில் ஒன்றுகூட நான் ஆசைப்பட்டுக் குத்திக்கொண்டது கிடையாது.

வீட்டில் பீரோக் கண்ணாடி மேல் பழைய சேலையைத் தொங்கவிட்டேன். தையல் அறைக் கண்ணாடியை அப்படி மூட முடியாது, போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கு அது வேண்டும். அளவெடுக்க நான் குனிந்தால் இடது பக்கம் ஜாக்கெட் தொய்யும். வந்தவரின் கண் அங்கே போய், சட்டென்று திரும்பி, சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்க்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன். ஜாக்கெட்டுக்குள் பை வைத்துத் தைத்து, பருத்தி உறையில் கேழ்வரகை நிரப்பி வைத்துப் பார்த்தேன். எடை சரியாக வந்தது, தொங்கலும் சரியாக இருந்தது. ஆடி மாதத்தில் அதில் வண்டு வந்துவிட்டது. அந்தக் கதை இன்னொரு நாள்.

அழகர்கோவிலில் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளை ஊரைக் கூட்டி அழுதது. இரண்டு நிமிஷம் கழித்து யாரோ கைக்கண்ணாடியைக் காட்டினார்கள். அழுகையை நிறுத்திவிட்டுக் காதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அப்போதுதான் தோன்றியது, குத்திய பிறகு கண்ணாடி பார்க்கிற பழக்கமே எனக்கு இல்லாமல் போய்விட்டதே என்று.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டாக்டரிடம் கேட்பது

கூச்சமாகத்தான் இருந்தது. வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது, உள்ளே போய் மூக்கு குத்தலாமா என்று கேட்பதா? கேட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்றார். அதற்கு மேல் எனக்குக் கூச்சம் இல்லை. நீங்களும் கேளுங்கள். கேட்காமல் போய்க் குத்திக்கொள்வதுதான் தப்பு.

அவர் முதலில் பார்த்தது கடைசி ரத்த ரிப்போர்ட்டை. கீமோ நடக்கும்போது வெள்ளணுக்கள் இறங்கிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் மருந்தில், போட்ட 7 முதல் 14 நாளுக்குள் அடிமட்டத்துக்கு வரும். அந்த நேரத்தில் புதிதாக ஒரு ஓட்டை போடுவது கதவைத் திறந்துவைத்துத் திருடனைக் கூப்பிடுவது மாதிரி. நியூட்ரோபில் என்கிற வெள்ளணு 1,500-க்கு மேலேயும், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு ஒன்றரை லட்சத்துக்கு மேலேயும் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் கரண்ட் முடிந்து எத்தனை மாதம் ஆனது என்று கேட்டார். எனக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. குறைந்தது ஆறு மாதமாவது போகட்டும் என்பது அவர் கணக்கு. உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அதுதான் உங்களுக்குக் கணக்கு.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டும். கீமோ மருந்து ஏற்ற நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்த போர்ட் இன்னும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கோ வருகிற சின்னக் கிருமித் தொற்றுகூட ரத்தம் வழியாக அதில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். நான் தினமும் டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன்; எனக்கு நிறுத்தச் சொல்லவில்லை. மூக்கு குத்துவதற்காக நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த ஆறு மாதத்தில் எம்.ஆர்.ஐ. ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதை யாரும் தானாக நினைவுபடுத்த மாட்டார்கள். மேமோகிராமுக்கு மூக்குத்தி தடை இல்லை. எம்.ஆர்.ஐ. என்றால் என்ன உலோகமாக இருந்தாலும் கழற்றச் சொல்வார்கள். ஆறாத ஓட்டையில் கழற்றினால் சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும், திரும்ப நுழைக்கப் போனால் ரத்தம்தான் வரும். ஸ்கேன் தேதி பக்கத்தில் இருந்தால் அதை முடித்துவிட்டு மூக்குக்குப் போங்கள்.

இன்னொன்று, உங்கள் ஆபரேஷன் தழும்பை நீங்களே பாருங்கள். தட்டையாக, நூல் மாதிரி ஆறியிருக்கிறதா? இல்லை, வெட்டிய கோட்டைத் தாண்டித் தடித்துப் பரவி, அரிக்கிறதா? பரவியிருந்தால் அது கீலாய்டாக இருக்கலாம். நம் நிறத்துத் தோலில் அது கொஞ்சம் அதிகம் வரும், காது அதற்குப் பிடித்தமான இடம். அப்படி இருந்தால் தோல் டாக்டரைப் பார்க்காமல் குத்திக்கொள்ள வேண்டாம். என் தழும்பு அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரை 19 சென்டிமீட்டர். டேப் வைத்து அளந்தேன், தொழில் புத்தி. தட்டையாகத்தான் இருந்தது.

எங்கே குத்தக்கூடாது

கரண்ட் வைத்த தோலில் வேண்டவே வேண்டாம். பார்க்க நன்றாக ஆறிய மாதிரி தெரியும். அடியில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், புண் வந்தால் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும். வார்டில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த அக்காவுக்கு வாய்ப் புற்று. வலது கன்னத்திலும் கழுத்திலும் கரண்ட் வைத்திருந்தார்கள். அவருக்கு இரண்டு காதிலும் மேல் தோடு போட ஆசை. வலது பக்கம் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார், இடது காதுக்கு அனுமதி கிடைத்தது. இப்போது ஒற்றைக் காதில் மேல் தோடு. அது அவருக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

நெறி எடுத்த பக்கத்துக் கை, அக்குள், அந்தப் பக்க நெஞ்சு ஆகியவற்றிலும் குத்தக்கூடாது. அங்கே நிணநீர் வடிகிற வழி அடைபட்டிருக்கிறது. சின்னத் தொற்று வந்தாலும் கை வீங்கிவிடலாம், வீங்கினால் பழையபடி இறங்குவது பெரும்பாடு. வயிற்றுச் சதையை எடுத்து மார்பு கட்டியவர்களுக்குத் தொப்புளைப் புதிதாக இடம் பார்த்து வைத்துத் தைத்திருப்பார்கள். தொப்புளில் வளையம் மாட்டும் ஆசை இருந்தால் அந்த சர்ஜனைக் கேட்காமல் முடியாது. உள்ளே சிலிக்கான் வைத்திருந்தால் அதன் மேல் தோலில் எந்தக் குத்தும் கூடாது. எலும்புக்கு ஜோலிட்ரானிக் ஊசி போடுகிறவர்கள் உதடு, நாக்குப் பக்கம் போக வேண்டாம். ஈறு புண்ணாகி அது தாடை எலும்பு வரை போய்விட்டால் பெரிய தொல்லை.

இதையெல்லாம் கழித்தால் மிச்சம் இருப்பது, நெஞ்சில் கரண்ட் வைத்த என்னைப் போன்றவர்களுக்கு, காதும் மூக்கும்தான். அது போதும்.

எந்தப் பக்கம் என்பதற்கு அக்கா சண்டை போட்டாள். எங்கள் வீட்டில் வலது மூக்குதான் வழக்கம், அம்மாவும் அக்காவும் அப்படித்தான். நான் இடதைத் தேர்ந்தெடுத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வராது, வலது பக்கம் மட்டும்தான். ராத்திரி முழுக்க வலது மூக்கு தலையணையில் அழுந்தும். ஆறுகிற ஓட்டைக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. காதின் மேல் குருத்தெலும்பில் குத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எந்தப் பக்கம் படுக்க முடியாதோ அந்தப் பக்கமே குத்துங்கள். இடதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. எடுத்தது அந்தப் பக்கம், வைப்பதும் அந்தப் பக்கமே இருக்கட்டும் என்று நினைத்தேன். அக்காவிடம் தலையணையை மட்டும்தான் சொன்னேன்.

யாரிடம் போவது

முதலில் நகைக் கடைக்குத்தான் போனேன். நல்ல கூட்டம். கவுண்டரில் இருந்த பையன் கையுறை இல்லாமல், முன்னால் ஒரு குழந்தைக்குக் காது குத்திய அதே துப்பாக்கியை எடுத்து, டெட்டால் பஞ்சால் ஒரு துடை துடைத்துவிட்டு என் மூக்கை நோக்கிக் கொண்டுவந்தான். எழுந்துவிட்டேன். "பயமா, ஆன்ட்டி?" என்றான். பதினோரு வயதில் ஓடியதற்குத்தான் பயம் காரணம். இந்தத் தடவை காரணம் வேறு.

தையல்காரிக்கு இதைப் புரிந்துகொள்வது லேசு. பட்டுத் துணியில் மொட்டை ஊசி போட்டால் என்ன ஆகும்? நூலை விலக்காமல் இடித்துக்கொண்டு போகும், துணி சுருங்கி இழை இழுக்கும். கூர்மையான ஊசி சத்தமில்லாமல் போய்விடும். துப்பாக்கி அந்த மொட்டை ஊசி மாதிரிதான். அதில் தனியாக ஊசி கிடையாது. தோட்டின் முனையே ஸ்பிரிங் வேகத்தில் சதையை இடித்துக்கொண்டு போகிறது. காது மடலின் சதைப் பகுதியாவது தாங்கிக்கொள்ளும். மூக்கின் குருத்தெலும்பு நசுங்கும். துப்பாக்கியின் பிளாஸ்டிக் உடம்பை, நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது, 121 டிகிரி நீராவியில் உருகிவிடும்.

ஆசாரியிடமும் போகவில்லை. எங்கள் பத்தர் கை சுத்தமானவர், ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் காது குத்தியவர். ஆனால் கம்பியை விளக்கில் காட்டிவிட்டுக் குத்துவது சாதாரண உடம்புக்குச் சரியாகப் போயிருக்கலாம். கீமோ பார்த்த உடம்புக்கு அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. அவருக்கு வேறு வேலை வைத்திருந்தேன், கடைசியில் சொல்கிறேன்.

தோல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் குத்திக்கொண்டேன். பிய்ந்த காதைத் தைக்கிற டாக்டர்கள் பலர் இதையும் செய்கிறார்கள். பெரிய ஊர்களில் இதற்கென்றே இருக்கிற நல்ல ஸ்டுடியோக்களும் உண்டு. எங்கே போனாலும் பார்க்க வேண்டியவை இவைதான். ஊசி உறையோடு இருந்து, உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். குத்தி முடிந்ததும் அது டப்பாவுக்குள் போக வேண்டும். கையுறை புதிதாக இருக்க வேண்டும், போட்ட பிறகு போனைத் தொட்டால் மாற்ற வேண்டும். மாட்டப்போகும் மூக்குத்தியும் ஆட்டோகிளேவில் வைத்த பொட்டலத்திலிருந்து வர வேண்டும். இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் உட்கார வேண்டாம். வைத்தியம் பார்த்த விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொன்னது ஒரே வரி: "இடது கையைப் பிடிக்காதீங்க, வேற எங்க வேணாலும் பிடிங்க."

என்ன உலோகம்

முதல் மூக்குத்தி தங்கமாக இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நம் ஊர் 916 தங்கம், அதாவது 22 காரட், மிருதுவானது. மேலே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், ஆறாத சதை அதில் உராயும். கலந்திருக்கும் மற்ற உலோகம் என்ன என்றும் தெரியாது. கடைகளில் சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்பதில் நிக்கல் இருக்கும், நிறையப் பேருக்கு அது அரிக்கும். நான் போட்டது உடம்புக்குள் வைக்கும் தரத்து டைட்டானியம். ரசீதில் ஏ.எஸ்.டி.எம். எஃப்136 என்று எழுதித் தரச் சொன்னேன், அது அந்தத் தரத்தின் எண். பின்பக்கம் தட்டையான சின்ன வில்லை, முன்பக்கம் கடுகளவு உருண்டை. பார்க்க ஒன்றுமே இல்லை. ஊசியும் டைட்டானியமும் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினார்கள்.

கனத்தில் ஒரு வேடிக்கை. மெஷின் ஊசியில் எண் கூடக் கூடக் கனம் கூடும், 16 நம்பர் ஊசி சரியாக 1 மில்லிமீட்டர். மூக்கு குத்துகிறவர்களின் கேஜ் அளவில் எண் கூடினால் கனம் குறையும். அவர்களுக்கு 18 கேஜ் என்றால்தான் 1 மில்லிமீட்டர். டாக்டர் 18 என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அது என்னிடம் ஜீன்ஸ் தைக்கிற ஊசி. விளக்கிச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

திருகாணி வைத்த வகை வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். பாக்லிடாக்ஸல் போட்டவர்களுக்குக் காரணம் தெரியும். விரல் நுனி மரத்துப்போய்விடும். எனக்கு இன்றும் வலது கையின் மூன்று விரலில் நூல் உருள்வது சரியாகத் தெரியாது. ஊசியில் நூல் கோப்பதைக் கண்ணால்தான் செய்கிறேன், கையால் இல்லை. அரிசியில் பாதி அளவு திருகாணியை மூக்குக்குள் விட்டுத் திருகுவது எனக்கு ஆகாது. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

குத்துகிற நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரும். கழுத்து வழியாகப் போடுகிற நைட்டி, சுடிதார் எல்லாம் வேண்டாம். அன்றைக்கும் அடுத்த சில வாரத்துக்கும் முன்பக்கம் ஹூக் வைத்த உடுப்பே நல்லது. தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம், அது முகத்தில்தான் இறங்கும். முடியே இப்போதுதான் சுருள் சுருளாக வந்திருக்கிறது, அதற்கு எண்ணெய் வேறா என்கிறீர்களா, அதுவும் சரி.

டாக்டர் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தார். கண்ணாடியைக் கையில் கொடுத்து, "சரியா இருக்கா, பாருங்க" என்றார். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் இரண்டு தடவை அழிக்கச் சொன்னேன். இரண்டாவது புள்ளி அரை மில்லிமீட்டர் மேலே இருந்தது. ஜாக்கெட்டில் ஹூக் அரை மில்லிமீட்டர் தள்ளினால் எனக்குத் தூக்கம் வராது, மூக்கில் விடுவேனா? மார்பில் கோடு போட்ட அன்றைக்கு என்னைப் படுக்க வைத்து, பச்சைத் துணியை மூடி, எனக்குத் தெரியாத மொழியில் பேசிக்கொண்டே வரைந்தார்கள். உயிரைக் காப்பாற்றியவர்கள்தான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இங்கே மூன்றாவது புள்ளியை நான் சரி என்ற பிறகுதான் ஊசி உறையைப் பிரித்தார்கள்.

மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொன்னார். விடும்போது குத்தினார். ஒரு நொடி. இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் ஓடியது. அது அழுகை இல்லை, மூக்கு நரம்பைத் தொட்டால் எல்லோருக்கும் அப்படி வரும். வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆபரேஷனுக்குப் பிறகு என் இடது நெஞ்சும் கையின் உள்பக்கமும் மரக்கட்டை, சேஃப்டி பின் குத்தினால்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அதே இடது பக்கத்தில், கொஞ்சம் மேலே, இவ்வளவு துல்லியமாக ஒரு புள்ளி வலிப்பது எனக்கு விசித்திரமாகவும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு பார்த்துக்கொள்வது

மருந்துக் கடையில் நார்மல் சலைன், 0.9 சதவீதம், 100 மில்லி பாட்டில் வாங்குங்கள். காலையும் இரவும் கையை சோப்புப் போட்டுக் கழுவி, சலைனில் நனைத்த காஸ் துணியை உள்ளேயும் வெளியேயும் இரண்டு நிமிஷம் ஒத்தி வையுங்கள். பொருக்கு ஊறினால் தானாக வரும், வராததை நகத்தால் நோண்டாதீர்கள். பஞ்சு வேண்டாம், இழை சுற்றிக்கொள்ளும். திறந்த பாட்டிலை நாள்கணக்கில் வைக்காமல் மாற்றுங்கள். வேறு எதுவும் தேவை இல்லை. மூக்குத்தியைச் சுற்றிச் சுற்றி விடவும் வேண்டாம். சின்ன வயதில் காது குத்தினால் கம்பியைத் திருப்பச் சொல்வார்களே, அது ஆறுகிற தோலைத் திரும்பத் திரும்பக் கிழிப்பதுதான்.

வருகிறவர்கள் எல்லோரும் வைத்தியம் சொல்வார்கள். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வை என்று மாமியார், வேப்பங்குச்சி செருகு என்று பக்கத்து வீட்டம்மா, பற்பசை வை என்று ஒருவர். பற்பசை எதற்கு என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. மாமியாரிடம் மட்டும், "டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னுட்டாங்க, அத்தை" என்று சொல்லித் தப்பித்தேன். டாக்டர் பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டில் இப்போது மறுபேச்சு இல்லை. புற்று வந்ததில் கிடைத்த ஒரே லாபம் அது.

மாட்டி இழுபடுவதுதான் பெரிய எதிரி. பூத்துவாலையின் நூல் வளையம், மாஸ்க், தலை வழியாகக் கழற்றும் உடுப்பு, பேரப்பிள்ளைகளின் விரல். ஏழாவது வாரம் துவாலையில் மாட்டி இழுத்துக்கொண்டேன். இரண்டே நாளில் பக்கத்தில் சிவப்பாக ஒரு மொட்டு. கட்டி என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். அன்று இரவு தூங்கவில்லை. காலையில் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, உரசலால் வந்தது, தொடாமல் விடுங்கள் என்றார். தண்டு நீளமாக இருந்ததை எடுத்துவிட்டுக் குட்டையானதை மாட்டிவிட்டார். ஐந்து வாரத்தில் மொட்டு போய்விட்டது. அதிலிருந்து துவாலையை விட்டுவிட்டு, பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்து முகம் துடைக்க வைத்திருக்கிறேன்.

வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ கொஞ்சம் நீர் காய்ந்து பொருக்காவது இயல்பு. சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சூடாக விண்ணென்று தெறித்தால், பச்சையாகச் சீழ் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். மூக்குத்தியை நீங்களாகக் கழற்றாதீர்கள், வெளி ஓட்டை மூடிக்கொண்டால் சீழ் உள்ளே நின்றுவிடும். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் கீமோ நாளில் என்ன செய்வோமோ அதையே செய்யுங்கள், தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஆற எத்தனை நாள் என்றால், காது மடலுக்கு 6 முதல் 8 வாரம், மூக்குக்கு 4 முதல் 6 மாதம், காதின் மேல் குருத்தெலும்புக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம். நமக்கு அதைவிடக் கூடுதலாகவே வைத்துக்கொள்வது நல்லது. வெளியே முதலில் ஆறும், உள்ளே கடைசியில் ஆறும். ஆறிவிட்டதே என்று மூன்றாவது மாதத்தில் கழற்றிப் பார்க்க ஆசை வரும். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

பார்க்கிறவர்கள்

"இந்த வயசுல எதுக்கு?" என்று நாலு பேராவது கேட்பார்கள். நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் முதல் நாள் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் காபியைக் கொடுக்கும்போது பார்த்துவிட்டு, "உங்க அம்மா சாயல் வந்துருச்சு" என்றார். எங்கள் அம்மாவுக்கு அவர் அவ்வளவு பயப்படுவார், அதனால் இது பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எதிர்பார்க்காதது தையல் அறையில் நடந்தது. பங்குனியில் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க ஒரு பெண் வந்தாள். வழக்கம்போல் குனிந்தேன். அவள் கண் வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. மூக்குக்கு வந்து, அங்கேயே நின்றது. "எங்கக்கா குத்துனீங்க? வலிச்சுதா?" என்றாள். கால் மணி நேரம் மூக்கைப் பற்றியே பேசினோம். அன்றைக்கு நான் கேழ்வரகுப் பையை வைக்க மறந்திருந்தேன், அது அவள் போன பிறகுதான் நினைவு வந்தது.

ஒன்றை மறைக்க மாட்டேன். பீரோக் கண்ணாடி மேலிருந்த சேலையை முழுதாக எடுக்கவில்லை. கழுத்துக்கு மேலே தெரிகிற அளவுக்கு ஏற்றிக் கட்டியிருக்கிறேன். எடுக்கும்போது எடுப்பேன். மூக்கு குத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராத்திரியில் அழுகை வந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், ஆஸ்பத்திரியிலேயே கவுன்சலர் இருக்கிறாரா என்று கேட்டு அவரிடம் பேசுங்கள், நானும் பேசினேன்.

ஏழாவது மாதம் முடிந்து, மூக்கைத் தொட்டால் வலியும் நீரும் இல்லை என்று டாக்டர் உறுதி சொன்ன பிறகு, தெற்காவணி மூல வீதிப் பக்கம் இருக்கிற எங்கள் பத்தரிடம் போனேன். வைத்திருந்த வேலை இதுதான். அம்மாவின் பழைய கம்மலிலிருந்து ஒரு சிவப்புக் கல்லை எடுத்து ஒற்றைக்கல் மூக்குத்தி செய்ய வேண்டும். தண்டு 1 மில்லிமீட்டர், 18 காரட், 750 முத்திரை உள்ள தங்கம், நிக்கல் கலக்காதது. 18 என்றதும் பத்தர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "916-ஐ விட்டுட்டு இதையா கேக்குற, தாயி?" என்றார். உறுதி வேண்டும், மிருது வேண்டாம் என்றேன். தண்டை வழவழவென்று மெருகு போடச் சொல்லி, என் விரலுக்குத் தெரியாது என்பதால் கன்னத்தில் உரசிப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

இதற்குத் திருகாணிதான், பத்தருக்கு வேறு வகை தெரியாது. முதல் முறை கழற்றியபோது விரலுக்குத் தெரியாமல் வாஷ்பேசினில் விழுந்து போய்விட்டது. அதனால் கழற்றும்போது பேசினில் நிற்காதீர்கள். தரையில் வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் உட்கார்ந்து, மரக்காத விரலால் கழற்றுங்கள். எனக்கு அது இடது கைச் சுண்டுவிரல். செய்யும்போதே திருகாணியை மட்டும் கூடுதலாக இரண்டு வாங்கிவிடுங்கள். என்னுடையவை பாபின் டப்பாவில், சிவப்பு நூல் பாபினுக்கு அடியில் இருக்கின்றன.